ஃபைட்டர் மீனுக்கு ஒரு துணை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, எதிர்வீட்டுச் சிறுவன் ஒரு பாலிதீன் பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த காட்சி எனக்கு எவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததோ, அவ்வளவு கோபத்தை மறுநாள் காலை அவன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நான் கண்ட காட்சி கொடுத்தது. பன்னிரண்டு லிட்டர் கொள்ளும் அந்தத் தொட்டிக்கென்று கடைக்காரர் கட்டிக்கொடுத்தவை நீல நிற ஃபைட்டர் ஒன்று, விசிறி வால் ஆண் கப்பிகள் இரண்டு, கோல்டு ஃபிஷ் ஒன்று, பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்ற சிபாரிசோடு டேங்க் கிளீனர் குட்டி ஒன்று. விடிவதற்குள் ஒரு கப்பிக்கு வாலே இல்லை. மற்றொன்று ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள விரற்கடை இடுக்கில் செருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"தனியா இருந்தா அதுக்கு போரடிக்கும்னு கடைக்கார அண்ணன் சொன்னாரு தாத்தா" என்றான் பையன். அவன்மீது குற்றமில்லை. தனிமை என்றாலே துன்பம் என்று மனிதர்களாகிய நாம் நம்முடைய சுபாவத்தை வைத்து எல்லாப் பிராணிகளுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆண் ஃபைட்டரோ சியாம் தேசத்து வயல்களிலும் தேங்கிய நீரிலும் தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, வேறோர் ஆண் அதற்குள் தலைநீட்டினால் செவுளை விரித்து எதிர்த்து நிற்கிற பிராணி. 2019-ஆம் ஆண்டில் தாய்லாந்து அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நீண்ட வாலும் பளிச்சென்ற நிறமும் உள்ள ஆண் கப்பி அதன் கண்ணுக்கு இன்னொரு ஃபைட்டர்தான். ஆகவே அந்த இரவில் நடந்தது அந்த மீனின் இயல்புக்கு மாறானதன்று. டைகர் பார்பை விட்டிருந்தால் கதை தலைகீழாகி, ஃபைட்டரின் துடுப்பு கந்தலாகியிருக்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீரை விரும்புவது, நிறையக் கழிவிடுவது, கைம்முழத்துக்குப் பாதியேனும் வளரக்கூடியது. அதற்கு அந்தத் தொட்டி சிறைக்கூடம்.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஒற்றை ஃபைட்டருக்கே இருபது லிட்டர் இருந்தால் நல்லது. நாற்பது லிட்டரும், ஒளிந்துகொள்ள இலைச்செடிகளும் இருந்தால், அடிமணலில் மேயும் கோரிடோரஸ் ஆறு, அல்லது எம்பர் டெட்ரா என்னும் சிறு மீன்கள் ஒரு கூட்டமாக, முதலில் இவற்றைப் பழகவிட்டு ஃபைட்டரைக் கடைசியாக விடலாம். அப்போதும் ஒவ்வொரு ஃபைட்டருக்கும் ஒவ்வொரு குணம் என்பதால் ஒரு வாரம் கண்காணிக்க வேண்டும். பன்னிரண்டு லிட்டருக்கு நத்தை இரண்டு போதும். மீன் துணை வேண்டவே வேண்டாம்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலை அந்தத் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தபோது, ஃபைட்டர் மெல்ல மேலே வந்து, நீர்ப்பரப்பில் வாயை ஒட்டி ஒரு மிடறு காற்றை விழுங்கி, சிறு குமிழி ஒன்றை விட்டுவிட்டு இறங்கியது. செவுளுக்கு மேலே, தலைக்குள், மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பினால் ஆகாயத்துப் பிராணவாயுவை நேரே வாங்கிக்கொள்ளும் ஜாதி அது. அதைக் கண்டதும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பிரான்சிஸ் டேயை எடுத்துவிட்டேன். இந்தப் பத்தியின் பழைய வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

1852-இல் சென்னை ராஜதானிப் படையின் வைத்தியராக வந்து, பிற்பாடு இந்தியா முழுமைக்கும் மீன்வளத் தலைமை அதிகாரியான அந்த மனிதர், 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இந்தியாவின் மீன்கள்' என்ற நூலைப்போல் எனக்கு நெருக்கமான புத்தகம் அதிகமில்லை. ஒவ்வொரு மீனுக்கும் லத்தீன் பெயரோடு நிற்காமல், நம் ஊர்க்காரர் வாயில் வழங்கும் பெயரையும் கேட்டு எழுதிவைத்தவர் அவர். ஃபைட்டரின் உறவினமாகிய பனையேறிக் கெண்டை அந்த நூலில் பனையேறி என்ற தமிழ்ப்பெயரோடுதான் நிற்கிறது. 1791-இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் உத்தியோகம் பார்த்த லெப்டினன்ட் டால்டார்ஃப், குளக்கரைப் பனை ஒன்றில், நீருக்கு ஐந்தடி உயரத்தில், செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி ஏறிக்கொண்டிருந்த இந்த மீனைப் பிடித்ததாக எழுத, அது 1797-இல் லண்டனில் அச்சேறியது. மரமேறுவதைப் பிற்பாடு வந்தவர்கள் பலர் நம்பவில்லை. ஈரத்தரையில் நடந்துபோவதை யாரும் மறுக்கவில்லை.

இதைவிட நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான, பழுப்பு நிறத்துச் சிறு மீன்; வயல் வாய்க்காலிலும் தாமரைக்குளத்து ஓரத்திலும் வாழ்வது; ஃபைட்டரைப்போலவே ஆண் மீன் குமிழிக்கூடு கட்டி முட்டைகளைக் காப்பது. 1831-இல் பிரான்சு தேசத்துக் குவியே அதற்குக் 'குபானஸ்' என்று பெயரிட்டார். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்தது என்பதனால் அந்தக் குப்பமே பெயராயிற்று. கேரளத்தில் வாழும் அதன் சகோதர இனத்துக்கு 1908-இல் டேயின் பெயரே சூட்டப்பட்டது. ஓர் ஊர்ப்பெயர் உலகத்துச் சாஸ்திர நூல்களிலெல்லாம் நீந்திக்கொண்டிருக்க, அந்த மீன் இன்னதென்று நம் பிள்ளைகளுக்குக் காட்டச் சென்னையில் நான் அறிந்த கடை ஒன்றுகூட இல்லை என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். வண்ணமீன் வளர்ப்பினால் தேசமெங்கும் பெயர்பெற்ற கொளத்தூரின் பெயருக்குள்ளும் குளம் இருக்கிறது. தொண்டைநாட்டார் சிறிய ஏரியைத் தாங்கல் என்றார்கள். பழவந்தாங்கல், வேடந்தாங்கல், நாங்கள் குடியிருக்கும் ஐயப்பன்தாங்கல் யாவும் நீரின் பெயர்கள்.

அந்த நீருக்குள் இப்போது என்ன இருக்கிறது? 1952-இல் கொண்டுவந்து விட்ட ஜிலேபிக் கெண்டை ஏரிதோறும் நிறைந்துவிட்டது. அதையாவது மக்கள் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். சென்ற கார்த்திகையில் எங்கள் பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரின் காலடியில், ஒன்றரை அடி நீளத்தில், கருங்கல் செதில்போன்ற கவசத்தோடு ஒரு மீன் கிடந்தது. "வலையைக் கிழிக்குது சார், விலைக்கும் போகாது" என்றார். அது வேறொன்றுமன்று, டேங்க் கிளீனர். தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. வீட்டுத் தொட்டியில் விரற்கடை அளவில் விடப்பட்டு, தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்ததும், கொல்ல மனமில்லாத நல்லவர்களால் ஏரியில் விடப்படுவது. கரையைக் குடைந்து முட்டையிடப் பொந்து செய்கிறது. பாசியோடு மற்ற மீன்களின் முட்டைகளையும் மேய்கிறது. நீர் கெட்டாலும் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்கிறது. குமிழிக்கூட்டில் நூறு முட்டையைக் காத்துக்கொண்டு நிற்கும் நம் அரியாங்குப்பத்துக்காரன் அதற்கு எதிரே எம்மாத்திரம்?

செவ்வாய்க்கிழமை நானும் பையனும் கோல்டு ஃபிஷ்ஷையும் பிழைத்த கப்பியையும் டேங்க் கிளீனரையும் பையில் கட்டிக் கடைக்கே எடுத்துப்போனோம். பணம் திரும்பக் கேட்கவில்லை, கடைக்காரரும் வாங்கிக்கொண்டார். ஃபைட்டர் இப்போது இரண்டு நத்தைகளோடு இருக்கிறது. உங்கள் வீட்டு டேங்க் கிளீனர் உள்ளங்கையை மிஞ்சிவிட்டதென்றால், தயவுசெய்து வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் சேர்த்துவிடுங்கள். போரூர் ஏரியிலோ, செம்பரம்பாக்கத்திலோ, உங்கள் ஊர்த் தாங்கலிலோ மட்டும் விடாதீர்கள்.