கால் மட்டும் ஆடினால் போதுமா?

டாங்கோ நடனம் என்றால் பலருக்கும் சினிமாக் காட்சிதான் நினைவுக்கு வரும். பெண் வில் போல் வளைவாள். ஆண் தாங்கிப் பிடிப்பான். கால்கள் கத்தரிக்கோல் போல் வெட்டும். பார்ப்பவர்கள் கை தட்டுவார்கள்.

ஆனால், டாங்கோ பிறந்த ஊரில் ஜனங்கள் கூடி ஆடும் ஆட்டம் அது அல்ல. அங்கே ஜோடி ஜோடியாக நடக்கிறார்கள். அந்த நடைதான் நடனம்!

பிறந்த கதை

தென் அமெரிக்காவில் பிளாட்டா நதி கடலில் கலக்கிறது. அதன் ஒரு கரையில் அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸ். மறு கரையில் உருகுவேயின் தலைநகர் மாண்டிவிடியோ. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் துறைமுக நகரங்களில் டாங்கோ பிறந்தது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகளும், ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியாரும், உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து அதை வளர்த்தார்கள்.

முதலில் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். 1913-ல் ஜெர்மனியின் கெய்சர் மன்னர், ராணுவ உடையில் யாரும் டாங்கோ ஆடக்கூடாது என்று அதிகாரிகளுக்குத் தடை போட்டார். 2009-லோ ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை அதை மனித குலத்தின் கலைச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

கண்ணால் அழைப்பு

டாங்கோ ஆடக் கூடும் இடத்துக்கு "மிலோங்கா" என்று பெயர். அங்கே ஓர் அழகான வழக்கம் உண்டு. யாரும் எதிரே போய் நின்று கையை நீட்டுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்துத் தலையை லேசாக அசைப்பார்கள். எதிரில் இருப்பவரும் அசைத்தால் சம்மதம். விருப்பம் இல்லையா? பார்வையைத் திருப்பிக் கொள்ளலாம். நாலு பேர் முன்னால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

மூன்று அல்லது நான்கு பாட்டுகள் முடிந்ததும் வேறு இசை சிறிது நேரம் ஒலிக்கும். உடனே ஜோடிகள் பிரிந்து அவரவர் இடத்துக்குத் திரும்புவார்கள். அடுத்த ஆட்டத்துக்கு மீண்டும் கண்ணால் அழைப்பு!

காது கேட்க வேண்டும்

பழைய டாங்கோ வாத்தியக் கோஷ்டியில் கொட்டு கிடையாது. பாந்தோனியோன் என்னும் துருத்தி வாத்தியம், பிடில், பியானோ, பெரிய பிடில் ஆகியவைதான் இருக்கும். கொட்டுச் சத்தத்தை நம்பி அடி வைக்க முடியாது. காது கொடுத்துக் கேட்டால்தான் தாளம் அகப்படும்.

ஹுவான் தரியென்சோ என்பவரைத் "தாளத்தின் ராஜா" என்றே அழைத்தார்கள். அவர் இசைக்குக் கால் துள்ளும். கார்லோஸ் தி சார்லியின் இசைக்கு நீண்டு, நிதானமாக நடக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆடுகிறவருக்குக் கால் இருக்கிறது, காது இல்லை.

இரண்டு பேர் ஒரு நடை

அடுத்த அடி என்ன என்று முன்கூட்டிப் பேசி வைப்பது இல்லை. நடத்துகிறவர் கையால் இழுப்பதும் இல்லை. அவர் நெஞ்சு திரும்புவதை உணர்ந்து மற்றவர் அடி வைப்பார். அந்த அடி தரையில் ஊன்றும் வரை நடத்துகிறவரும் காத்திருக்க வேண்டும். ஒருவர் உத்தரவிட, மற்றவர் கீழ்ப்படிவது அல்ல இது. இருவரும் ஒருவரை ஒருவர் கேட்பது. இன்று பெண்கள் நடத்துவதும் ஆண்கள் தொடர்வதும் உண்டு.

எது அசல்?

பியூனஸ் அயர்சில் 2003 முதல் உலக டாங்கோப் போட்டி நடக்கிறது. அதில் மேடை ஆட்டம் தனி. கூடி ஆடும் ஆட்டம் தனி. மேடை ஆட்டத்தை மட்டம் என்று நாம் சொல்லவில்லை. அதற்குக் கடும் உழைப்பு வேண்டும். ஆனால் அதை அப்படியே மிலோங்காவுக்குக் கொண்டு வருவது தவறு. அங்கே எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வரிசையாகச் சுற்றி வருகின்றன. ஒருவர் காலைத் தூக்கி வீசினால் பக்கத்து ஜோடிக்குக் காயம்!

அதைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு. வேடிக்கை பார்ப்பவருக்காக ஆடத் தொடங்கியதும், கூட ஆடுபவரை மறந்து விடுகிறோம். கைப்பேசியில் படம் பிடிக்கும் இந்தக் காலத்தில் இந்த ஆபத்து அதிகம்.

பழைய தொப்பியும் பளபளக்கும் செருப்பும் போட்டால் ஆட்டம் அசல் ஆகிவிடாது. பத்து வித்தை தெரிந்து, துணையைப் பிடித்து இழுப்பவரைவிட, இசையைக் கேட்டு, துணைக்காகக் காத்திருந்து, ஒழுங்காக நடக்கத் தெரிந்த புதியவரே உண்மையான டாங்கோ ஆடுகிறார். எழுபது வயதைத் தாண்டியவர்கள் இன்றும் மிலோங்காவில் ஆட முடிவதும் இதனால்தான். காலை உயர வீச அவர்களால் முடியாமல் இருக்கலாம். கேட்கவும் காத்திருக்கவும் முடிகிறதே, அது போதும்.