மின்னுவதெல்லாம் லேத் ஆகுமா?



இந்த வருடக் கண்காட்சிக்கு நம் தொழிற்பிரிவு சார்பில் ஒரு சின்ன லேத் செய்யப் போகிறோம். சந்தோஷம்! ஆனால், "எல்லாப் பாகத்தையும் எவர்சில்வரில் போடுவோம், பார்க்க ஜோரா இருக்கும்" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. ஏன்னு சொல்றேன்.

பாத்திரத்துக்கு எவர்சில்வர் நல்லது, எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் லேத்துக்குத் துருவைவிடப் பெரிய எதிரி அதிர்வு. பெட் அதிர்ந்தால் கடையும் பொருளில் வரிவரியாகத் தழும்பு விழும். அதற்குச் சாம்பல் வார்ப்பிரும்புதான் சரி. அதில் உள்ள கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக இருக்கிறது. அந்தச் செதில்கள் அதிர்வை அடக்கும்; உரசும் இடத்தில் வழுக்கவும் உதவும். எவர்சில்வரோடு எவர்சில்வர் அழுத்தி உரசினால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அதைக் கடைவதும் கஷ்டம்.

அதுக்காக எல்லாத்தையும் வார்ப்பிரும்பில் செய்யலாமா? கூடாது. ஓங்கி அடித்தால் அது வளையாது, உடையும். சுழலும் ஷாப்ட்டுக்கு ஸ்டீல் வேண்டும், சுமார் 0.4 சதவீதம் கார்பன் உள்ள இ.என்.8 கம்பி போதும். அதைத் தாங்கும் புஷ்ஷுக்கு கன்மெட்டல் போடலாம். தேய்ந்தால் புஷ்தான் தேயும். அதை மாற்றுவது சுலபம்.

அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும், வார்ப்பது எளிது. ஆனால் அதன் விறைப்பு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். அமெரிக்காவின் டேவ் ஜிஞ்சரி, பழைய அலுமினியத்தை உருக்கி வீட்டிலேயே லேத் செய்வது பற்றி 1980-களில் புத்தகம் எழுதினார். அவர்கூட சறுக்கும் இடத்தில் ஸ்டீல் பட்டைதான் பொருத்தினார்!

"காசுக்கு எங்கே போறது?" என்று கேட்பீர்கள். பழைய இரும்புக் கடைக்குப் போவோம். எந்த உலோகம் என்று தெரியாவிட்டால், சார் பக்கத்தில் இருக்கும்போது, கண்ணாடி மாட்டிக்கொண்டு, சாணைக் கல்லில் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். மைல்ட் ஸ்டீல் என்றால் நீளமான மஞ்சள் பொறி. வார்ப்பிரும்பு என்றால் குட்டையான சிவப்புப் பொறி. அலுமினியத்தை மட்டும் சாணையில் வைக்காதீங்க, கல் அடைச்சுக்கும். கையில் தூக்கினாலே எடையில் தெரிந்துவிடும்.

கண்காட்சிக்கு வருபவர்கள் ஒரு நாள்தான் பார்ப்பார்கள். நமக்குப் பின்னால் வரும் தம்பி, தங்கைகள் பல வருடம் அதில் வேலை பழகப் போகிறார்கள். பளபளப்பு வேண்டுமென்றால் ஒரு டப்பா பெயின்ட் போதும்!

மின்னுவதெல்லாம் பொன்னல்ல. மின்னாத வார்ப்பிரும்பே நம் லேத்துக்குப் பொன்! நீங்க என்ன சொல்றீங்க?

— 12-ஆம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு