'அக்கறையற்ற பெற்றோர்' என்று யாரைச் சொல்கிறோம்?

அரசுப் பள்ளிகளைப் பற்றிய எந்த உரையாடலிலும் ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடும்: "இந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அக்கறையே கிடையாது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை." திருப்பூர்ப் பகுதியில் இதைச் சற்று அதிகமாகவே கேட்கலாம். வேலைப்பளுவில் திணறும் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். முற்போக்கு பேசும் நண்பர்களும் சொல்கிறார்கள். 'இந்தப் பிள்ளைகள்' என்று சுட்டப்படுபவர்கள் யார்? அருந்ததியர் குடியிருப்புகளின் பிள்ளைகள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் தலித் குடும்பங்களின் பிள்ளைகள். இப்போது ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களின் பிள்ளைகளும். ஆகவே அக்கறையைப் பற்றிய இந்தப் பேச்சு சாதியைப் பற்றிய பேச்சும்தான்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்குத் தொடங்கும் ஒரு ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடியும். ஷிப்மென்ட் அவசரம் என்றால் இரவு எட்டரை வரை. அது ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வீட்டு வாடகையையும் குழுக் கடன் தவணையையும் சமாளிக்க முடியும். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர் மெஷினை விட்டு எழுந்துபோகும் ஒவ்வொரு மணி நேரமும் கூலி இழப்பு. வாரக் கூலி கைக்கு வருவது சனிக்கிழமை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது மாதாந்திரக் கூட்டத்துக்குக் குறிக்கப்பட்ட நேரம் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 4.30 மணி வரை. கூலிக்கு முந்தைய நாள், லைன் முழு வேகத்தில் ஓடும் நேரம். வராத தாய் அக்கறை இல்லாதவர் அல்லர். அவர் அரை ஷிப்ட் கூலியை இழக்க முடியாதவர்.

என் அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் செக்கிங் வேலை பார்த்தவர். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட ஒரேயொரு முறைதான் அவரால் பள்ளிக்கு வர முடிந்தது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் சோறு போட்டுக்கொண்டே, "இன்னைக்கு யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா கண்ணு?" என்று கேட்காத நாளே இல்லை. பாடத்தைப் பற்றி அவருக்குக் கேட்கத் தெரியாது. பள்ளியில் என்னை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கத் தெரியும். எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறாத இதுவும் பெற்றோர் ஈடுபாடுதான்.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரையில் நடந்ததே சான்று. அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததாக 2022இல் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். டெங்குக் காய்ச்சலில் விழுந்த மகனிடம் ஒரு தாய் விசாரித்ததால்தான் அது வெளியே வந்தது.

இன்னொரு வகைப் 'பெற்றோர் ஈடுபாடும்' இங்கே உண்டு. 2018 ஜூலையில் அவிநாசி வட்டாரத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டார்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது. அதிகாரிகளிடம் செல்வாக்கும் இருந்தது. அந்தப் பெண் உடனே இடமாற்றம் செய்யப்பட்டார். போராட்டங்கள் எழுந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் 2025 நவம்பரில்தான் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அன்று ஆறாம் வகுப்பில் இருந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டது. 'பெற்றோர் பள்ளிக்கு வரவேண்டும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால், வரக்கூடியவர்களின் அதிகாரம்தான் பள்ளிக்குள் வரும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009 இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த, ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு அவர்களின் விகிதத்துக்கு ஏற்ப இடம் தர வேண்டும். இடம் தந்தது சட்டம். வந்து உட்காரத் தேவையான நேரத்தை யார் தருவது?

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அவசரம் உண்டு. ஒரே ஆசிரியரின் கண்பார்வையில் இருந்த குழந்தை, பாடத்துக்கொரு ஆசிரியர் என்ற ஏற்பாட்டுக்குள் நுழைகிறது. தமிழைச் சரளமாக வாசிக்க முடியாத பிள்ளை கடைசி பெஞ்சில் மறைந்துபோகிறது. சாதிக் கயிறுகள் மணிக்கட்டில் ஏறும் வயதும் இதுதான். பதினான்கு வயதோடு இலவசக் கட்டாயக் கல்வி உரிமை முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் முழுத் தடையும் அதே வயதோடு முடிகிறது. அதன்பின் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. சட்டத்தின் இரு கைகளும் ஒரே நேரத்தில் விலகும் அந்த இடத்தில், கைமடி வேலைக்கு ஆள் தேடும் பவர் டேபிள் காத்திருக்கிறது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் பெற்றோரைக் கல்வியில் ஈடுபடுத்தத்தான் செய்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழில். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று அம்பலப்படுத்திப் போராடினார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகு குழந்தைகள் குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்று விதிவிலக்குத் தந்தது. வீட்டுக்கு மூட்டையாக வரும் துணிகளில் பிசிறு வெட்டும் பிள்ளைகளைக் கேள்வி கேட்க முடியாமல் செய்வது இந்த 'உதவி' என்ற சொல்தான். குலக்கல்வி பின்வாசல் வழியாகத் திரும்பியிருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. திருப்பூர் போன்ற தொழில் பகுதிகளில் பெற்றோர் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமை நடத்த வேண்டும். 2022 மார்ச் 20ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று மாநிலம் முழுவதும் பெற்றோர் கூட்டம் நடந்ததே, அது முடியாத காரியம் அல்ல. அதற்காக உழைக்கும் ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பு தரவேண்டும். வாரநாளில் கூட்டம் என்றால் குழு உறுப்பினரான தொழிலாளிக்கு அந்த அரை ஷிப்ட் கூலியோடு கூடிய விடுப்பாக வேண்டும். வாக்குப்பதிவு நாளில் கூலியுடன் விடுமுறை தரச் சட்டம் உண்டு. பள்ளியை நிர்வகிக்க அரை நாள் தர ஏன் கூடாது? ஏற்றுமதி நிறுவனங்களில் வெளிநாட்டு பிராண்டுகளின் தணிக்கைக் குழுக்கள் உள்ளே குழந்தைகள் இருக்கிறார்களா என்று பார்க்கின்றன. அந்தக் குழந்தையின் தாய்க்குப் பள்ளிக்குப் போக நேரம் இருக்கிறதா என்பதும் அவர்களின் கேள்வித்தாளில் ஏறவேண்டும். தொழிற்சங்கங்கள் இதைக் கூலி ஒப்பந்தக் கோரிக்கைகளில் சேர்க்கவேண்டும்.

இதை வாசிக்கும் தோழர்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். 2024இல் மேலாண்மைக் குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் தரப்பட்டது. நீங்கள் படித்த அரசுப் பள்ளியின் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், சேரியிலிருந்து எத்தனை பேர், தீர்மானங்களை யார் எழுதுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பப்படும் ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையெழுத்திடும் தீர்மானத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மாலை குடியிருப்பிலேயே கூடுங்கள். அங்கே எழும் கேள்விகளை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

அந்த மக்களிடம் அக்கறை ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது நேரமும் அதிகாரமும்தான். அவற்றைக் கேட்டு வாங்குவதே நம் வேலை.