ஏன் எங்கள் நிறுவனம்?

மூன்றாமாண்டு மாணவன், இளங்கலை ஆங்கில இலக்கியம்

மூன்றே வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் முந்நூறு சொற்களுக்கு மிகாமல் விடை எழுத வேண்டும். பாடத்திட்டம் கிடையாது; கோனார் உரை கிடையாது. முந்தைய ஆண்டு வினாத்தாளை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே மூன்று வினாக்கள்தாம் இருக்கும். இருந்தும் எழுதியவர்களில் பெரும்பாலோர் தோற்றுப் போகிறார்கள்.

வினாக்கள் இவை: வணிகச் சட்டத் துறைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்? ஏன் எங்கள் நிறுவனம்? உங்கள் வாழ்வில் நேர்ந்த ஓர் இக்கட்டை எவ்வாறு சமாளித்தீர்கள்?

கேட்பவர்கள் லண்டனில் உள்ள பெரிய சட்ட நிறுவனங்கள். அங்கே கறுப்பு அங்கி அணிந்து மன்றத்தில் வாதாடுபவர் பெரும்பாலும் பாரிஸ்டர். அலுவலகத்தில் இருந்து ஒப்பந்தங்களையும் பத்திரங்களையும் கவனிப்பவர் சொலிசிட்டர். கம்பெனிகளை வாங்குவது விற்பது, வங்கிக் கடன், பங்கு வெளியீடு ஆகியவற்றுக்கான தாள்களை எழுதுவதுதான் வணிகச் சட்ட நிறுவனங்களின் பிழைப்பு. சொலிசிட்டர் ஆக விரும்புவோர் அங்கே இரண்டாண்டு பயிற்சி பெறுவார்கள். வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவாக நான்கு பிரிவுகள். சட்டம் படித்தவர்தாம் வரவேண்டும் என்பதில்லை. வரலாறோ இலக்கியமோ படித்தவரும் வரலாம். 2021-இல் தொடங்கிய புதிய தகுதித் தேர்வு அதற்கு இருக்கிறது. 2024-இல் சில பெரிய நிறுவனங்கள், பயிற்சி முடித்துத் தகுதி பெற்றவருக்கு முதலாண்டுச் சம்பளமாக ஒன்றரை இலட்சம் பவுன் தர முன்வந்தன. போட்டி எப்படி இருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிறது. என் பெரியப்பா கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் மகள், என் அக்கா, அங்கேயே பிறந்து வளர்ந்து சட்டம் படித்தவள். சென்ற ஆண்டு ஒரு நாள் தன் விடைகளை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "நீ இங்கிலீஷ் இலக்கியம்தானே படிக்கிறே, படிச்சுப் பார்த்துச் சொல்லுடா" என்றாள். லண்டனில் பிறந்தவள் ஆங்கிலம் திருத்த நம் கல்லூரியைத் தேடி வந்தாள் என்று நம் ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் பெருமைப்பட வேண்டாம். பதினோரு இடங்களிலிருந்து அவளுக்கு மறுப்பு வந்திருந்தது. வீட்டில் சொல்ல வெட்கம். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் தம்பியிடம் சொல்ல வெட்கமில்லை.

நான் படித்தேன், மயங்கினேன். சிறு வயது முதலே நீதியின்பால் அவளுக்கு இருந்த நாட்டம் என்ன, உலகெங்கும் கிளை பரப்பிய அந்நிறுவனத்தின் புகழ் என்ன, அதன் கூட்டு மனப்பான்மை என்ன! ஒரே ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தி, "அற்புதம் அக்கா" என்று திருப்பி அனுப்பினேன். மேலும் இரண்டு இடங்களிலிருந்து மறுப்பு வந்தது. என் இலக்கியப் புலமைக்குக் கிடைத்த மதிப்பெண் அது.

பிறகு ஒரு கலியாண வீட்டில்தான் எனக்கு விளங்கிற்று. நம் ஊர்க் கலியாணங்களில் கண்ணாடிச் சட்டம் போட்டு வாழ்த்து மடல் வாசித்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சகத்தில் வாசகம் தயாராகவே இருக்கும். மணமக்கள் பெயரும் தேதியும் மட்டும் மாறும். பதினாறு பேறும் பல்லாண்டும் மாறா. அக்காவின் "ஏன் எங்கள் நிறுவனம்?" விடையும் அந்த வாழ்த்து மடல்தான். ஒரு நிறுவனத்தின் பெயரை அடித்து இன்னொன்றின் பெயரை எழுதினால் ஓர் எழுத்துகூட இடிக்கவில்லை. கேட்டவர்களோ வாழ்த்துக் கேட்கவில்லை. எங்களைப் பற்றி என்ன தெரிந்துகொண்டு வந்தாய் என்று கேட்டார்கள். ஸ்லாட்டர் அண்ட் மே என்றொரு புகழ் பெற்ற நிறுவனம் உண்டு, 1889-இல் தொடங்கியது. வெளிநாடுகளில் கிளைகளை அடுக்காமல், அந்தந்த நாட்டிலுள்ள நல்ல நிறுவனங்களோடு சேர்ந்து வேலை செய்வதே அதன் வழி. அவர்களுக்கு ஒருவர் "உலகெங்கும் கிளை பரப்பிய தங்கள்..." என்று தொடங்கினால், அந்த வரியோடு படிப்பவர் தாளை மடித்து வைத்துவிடுவார் அன்றோ?

முன்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. வினாவே கிடையாது, பணம்தான் விடை. டேவிட் காப்பர்ஃபீல்டு நாவலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். டேவிட்டை ஸ்பென்லோ, ஜார்க்கின்ஸ் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்க்க அத்தை ஆயிரம் பவுன் கட்டுகிறாள். அவன் சேர்ந்தது சொலிசிட்டர் தொழிலுக்கு உறவான ஒரு பழைய வக்கீல் தொழிலில். பிறகு அத்தையின் சொத்துப் போய்விட, பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்குமா என்று பையன் கேட்கிறான். கூட்டாளி சம்மதிக்கமாட்டார் என்று ஸ்பென்லோ கையை விரிக்கிறார். சொலிசிட்டர் தொழிலிலும் பயிற்சிக்குச் சேர நெடுங்காலம் இப்படித்தான் முன்பணம் கட்டி வந்தார்கள். ஆயிரம் பவுனுக்குப் பதில் முந்நூறு சொல் கேட்கும் காலம் நல்ல காலமே. ஆனால் அந்த முந்நூறு சொல்லிலும் பணம் மறைந்து நிற்கவில்லையா? அப்பாவின் நண்பர் வழியாகப் பள்ளிப் பருவத்திலேயே ஒரு வக்கீல் அலுவலகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து வந்தவனுக்கு எழுத விஷயம் இருக்கிறது. மாலை நேரமெல்லாம் கடையில் நின்ற பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை நான் கோபமாகத்தான் அக்காவிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "கடையில நிறைய நடந்திருக்குடா. அதையெல்லாம் சட்டக் கம்பெனிக்கு எழுத முடியுமா?" என்றாள். அப்படி என்ன நடந்தது என்றதற்கு ஒரு மணி நேரம் சொன்னாள்.

கடைக் கட்டடம் வாடகைக்கு எடுத்தது. பதினைந்தாண்டுக் குத்தகை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்தலாம் என்று பத்திரம். அந்த ஐந்தாண்டு முடிவில் கட்டடக்காரரின் ஏஜெண்டு புதிய வாடகையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பினார். தொகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பெரியப்பா அதைப் படித்துவிட்டு, "இது கேக்கறதுதானே, நேர்ல பார்க்கும்போது பேசிக்கலாம்" என்று மின்சாரப் பில்களோடு கல்லாப் பெட்டியின் கீழறையில் போட்டுவிட்டார். அக்கா அப்போது இரண்டாமாண்டு மாணவி. விடுமுறையில் வந்தவள் சில்லறை தேடும்போது கடிதத்தைப் பார்த்தாள். பிறகு பீரோவிலிருந்து குத்தகைப் பத்திரத்தை எடுத்து இரவெல்லாம் படித்தாள். உள்ளே ஒரு பிரிவு: அறிவிப்புக்கு இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தராவிட்டால், கேட்ட வாடகைக்கு உடன்பட்டதாகக் கொள்ளப்படும். எண்ணிப் பார்த்தாள், இரண்டு நாள்தான் மிச்சம். நான்கு வரியில் மறுப்புக் கடிதம் எழுதி, பெரியப்பாவிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தபால் பிந்தினால்? இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஏஜெண்டு அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் நேரம் குறித்துக் கையெழுத்தும் வாங்கி வந்தாள். பிறகு மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பேசி முடித்ததில் வாடகை ஏறத்தான் ஏறியது. ஆனால் அவர்கள் கேட்ட உயர்வில் பாதிகூட இல்லை.

இதை அவள் பதினொரு விண்ணப்பத்தில் ஒன்றிலும் எழுதவில்லை! இக்கட்டைச் சமாளித்தது எப்படி என்ற வினாவுக்குப் பல்கலைக்கழக விவாத மன்றத்தில் ஒலிபெருக்கி பழுதானதை எழுதியிருந்தாள்.

என் கருத்து இதுதான்: இவ்வினாக்களுக்குத் தோற்பவர்கள் விடை இல்லாமல் தோற்பதில்லை. கையிலிருக்கும் விடையை மதிப்பற்றது என்று எண்ணிக் கல்லாப் பெட்டியின் கீழறையில் போட்டுவிடுவதால் தோற்கிறார்கள். அந்த நிறுவனங்களில் பயிற்சியாளர் செய்யும் வேலைதான் என்ன? வங்கி கடன் தொகையைக் கொடுக்கும் முன் வந்து சேரவேண்டிய தாள்கள் பல. ஒவ்வொன்றும் வந்ததா, கையெழுத்து இருக்கிறதா, தேதி சரியா என்று பட்டியல் வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் பயிற்சியாளர்தான். பத்திரத்தின் நடுவே புதைந்து கிடந்த இருபத்தெட்டு நாளைக் கண்டெடுத்தவளுக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

வணிக உணர்வு என்று அவர்கள் ஒன்று கேட்பார்கள். அண்மைச் செய்தி ஒன்று வணிகத்தை எப்படிப் பாதிக்கிறது என்று சொல்லவேண்டும். அக்கா எல்லோரையும் போல இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதத்தை எழுதியிருந்தாள். பத்திரிகைத் தலையங்கத்தின் சுருக்கம். ஆனால் 2023 ஜூலையில் இந்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்ததும், ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்ததும் அவள் கடை வாசலில் நடந்த செய்தி. வாடிக்கையாளர் ஆளுக்கு நாலு மூட்டை கேட்டு நின்றார்கள். பழைய விலைக்கு ஒப்புக்கொண்டிருந்த மொத்த வியாபாரி, புதிய வரியை நீங்கள்தான் தரவேண்டும் என்றார். அந்த 20 விழுக்காடு யார் தலையில்? ஒப்பந்தம் என்ன சொல்கிறது? வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால் எதைக் காட்டுவது? வணிகச் சட்டம் முழுவதும் ஓர் அரிசி மூட்டைக்குள் இருந்தது.

நம் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். "தன்னைத்தானே தம்பட்டம் அடிக்கச் சொல்கிற வினாத்தாள், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது" என்றார். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை; ஆனால் இதில் உடன்பட முடியவில்லை. தற்புகழ்ச்சி தகாது என்று சொல்லும் நன்னூலே, புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் நான்கைச் சொல்கிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடத்திலும் என்பவை அவற்றுள் இரண்டு. விண்ணப்பம் என்பது வேறென்ன? ஆற்றலை அறியாத அவைக்கு விடுக்கும் ஓலைதானே! பவணந்தி முனிவரே அனுமதித்த பிறகு நாம் கூசுவானேன்? மேலும், "நான் கடின உழைப்பாளி" என்பதுதான் தம்பட்டம். "இரண்டு நாள் மிச்சமிருந்தது, பஸ் ஏறினேன்" என்பது சாட்சியம்.

அந்த நிறுவனங்கள் குற்றமற்றவை என்று நான் வாதாட வரவில்லை. பெரிய பள்ளி, பெரிய பல்கலைக்கழகம் என்று பெயர் பார்த்தே ஆள் எடுத்தவர்கள்தாம். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. கிளிஃபோர்ட் சான்ஸ் நிறுவனத்தில் இறுதி நேர்காணல் செய்பவருக்கு, எதிரே இருப்பவர் எங்கே படித்தார் என்பதே தெரியாதபடி வைத்திருப்பது 2014-இல் செய்தியாயிற்று. விண்ணப்பதாரர் படித்த பள்ளியின் சராசரியோடு ஒப்பிட்டு அவர் மதிப்பெண்ணை எடை போடும் முறையையும் 2015 முதல் பல நிறுவனங்கள் கைக்கொண்டன. இவ்வளவு செய்தும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கு விடையைப் படித்துத் திருத்திக் கொடுக்கச் சித்தப்பா வக்கீலாக இருக்கிறார். என் அக்காவுக்கு நான்தான் இருந்தேன்! செயற்கை நுண்ணறிவு வந்து அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது என்கிறார்கள். தீர்க்கவில்லை என்பேன். கேட்டால் அது வாழ்த்து மடல்தான் எழுதித் தருகிறது, அச்சகத்தைவிட அழகாக. கல்லாப் பெட்டியின் கீழறை அதற்கு எப்படித் தெரியும்?

சிரிக்காதீர்கள், நம் கல்லூரியிலும் இதே கதைதான். சென்ற பருவத்தில் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு நிறுவனத்தார் வந்தபோது என் வகுப்பு நண்பனும் வரிசையில் நின்றான். அவன் ஊர்ப் பால் சங்கத்தில் மூன்றாண்டாக விடியற்காலையில் பால் அளந்து, கணக்கு எழுதி, பிறகு எட்டரை மணிப் பேருந்தைப் பிடித்து வகுப்புக்கு வருகிறவன். சங்கக் கணக்கில் ஒருமுறை வந்த வித்தியாசத்தை இரவோடிரவாக உட்கார்ந்து கண்டுபிடித்தவன். உள்ளே போனதும் உன்னைப் பற்றிச் சொல் என்றார்களாம். மனப்பாடம் செய்திருந்த ஆங்கில வாக்கியங்கள் ஐந்தையும் ஒப்பித்துவிட்டு வெளியே வந்தான். பால் சங்கத்தைச் சொன்னாயா என்றேன். "அதெல்லாம் போய்ச் சொல்வாங்களா?" என்றான். ஈஸ்ட் ஹாம் வரை போய்க் கேட்ட அதே பதில்!

அக்கா விண்ணப்பத்தைப் புதிதாக எழுதினாள். குத்தகை, அரிசி இரண்டும் இடம்பெற்றன. நிறுவனங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் செய்த வேலைகளைத் தேடிப் படித்து நான்கே நான்குக்கு அனுப்பினாள். ஒன்றிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. எதிரே இருந்த மூத்த பெண்மணி வேறெதையும் கேட்காமல் நேராகக் குத்தகைக்கு வந்தாராம். "இருபத்தெட்டு நாளை எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள்? கடிதத்தில் இருந்த தேதியிலிருந்தா, கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்தா?"

"ரெண்டு விதமாவும் எண்ணினேன். எது முன்னாடி முடியுதோ அதையே கெடுவா வெச்சுக்கிட்டேன்னு சொன்னேன்டா" என்றாள் அக்கா. அந்த அம்மையார் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாராம்.

அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. நான்கில் இன்னொன்று, நடுத்தர நிறுவனம், கட்டடச் சொத்துப் பிரிவில் இரண்டு வார விடுமுறைப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறது. அங்கிருந்துதான் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுப்பார்களாம். வீட்டிலும் சொல்லிவிட்டாள். அந்த இரண்டு வாரம் காலை வேளையில் கடையில் யார் நிற்பது என்பதுதான் இப்போது பெரியப்பாவின் கவலை.