பரணில் கிடக்கும் பெயர்கள்



"நம்ம கொள்ளுத் தாத்தாவோட தம்பி நேட்டாலுக்குக் கப்பல் ஏறினவர்" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் இந்த வேண்டுகோள் உங்களுக்குத்தான்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் துறைமுகமான டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் கரும்புக் காட்டுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். பின்னாளில், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி. முதல் ஆண்டில் மாதக் கூலியே 10 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அரை வருட உழைப்பை வரியாகக் கேட்டது வெள்ளை அரசு. 1913இல் வந்த ஒரு தீர்ப்போ, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்றது. தாலி கட்டிக்கொண்டவள் சட்டப்படி மனைவி இல்லை.

அப்போதுதான் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். அந்த அக்டோபரில் அண்டை மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டி, நேட்டாலின் நியூகாசில் சுரங்கங்களுக்குப் போனார்கள். பலர் இடுப்பில் கைக்குழந்தை. வரி ஒழியும்வரை வேலைக்கு இறங்காதீர்கள் என்று கூலிக்காரர்களிடம் தமிழில் பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. அவர்களுக்குக் கிடைத்தது மூன்று மாதக் கடுங்காவல்.

பின்னால் போன அணியில் தன் தாயோடு சேர்ந்தவள் வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள், குடும்பத்தின் வேர் நம் தில்லையாடி. மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டபோது, முன்கூட்டியே விடுவிக்கிறோம் என்றார்கள், மறுத்தாள். வெளியே வந்த சிறிது காலத்தில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். அன்றுதான் அவளுக்குப் பதினாறு வயது நிறைந்தது. வரி அந்த ஆண்டே ஒழிந்தது.

வள்ளியம்மைக்கு மண்டபம் இருக்கிறது, அஞ்சல்தலை இருக்கிறது. முதல் அணியில் போன மற்றப் பெண்கள்? அந்தப் போராட்டத்தை நடத்திய காந்தி எழுதிய பட்டியலிலேயே பெரும்பாலோர் 'திருமதி இன்னார்' என்று கணவர் பெயரால்தான் இருக்கிறார்கள். எங்களை வருத்துவது இதுதான். அதில் வரும் 'திருமதி தம்பி நாயுடு' என்பவர் வீரம்மாள் என்று தெரிகிறது. அவருடைய பேரன் இந்திரஸ் இனஒதுக்கல் அரசை எதிர்த்து ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டு கிடந்தார். அங்கே போராட்டம் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. அதன் முதல் தலைமுறைப் பெண்களில் பலருக்கு நம்மிடம் சொந்தப் பெயர்கூட இல்லை.

பழைய தஞ்சை, தென் ஆற்காடு, வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று எந்த மாவட்டத்தில் பூர்வீகம் இருந்தாலும் சரி, டிரங்குப் பெட்டியையும் பரணையும் ஒருமுறை பாருங்கள். டர்பன், ஜோகன்னஸ்பர்க் முத்திரை உள்ள கடிதம், மணியார்டர் ரசீது, பழைய படம், எது கிடைத்தாலும் எங்களிடம் காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம். ஒன்றும் இல்லையென்றால், வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் உட்கார்ந்து கேளுங்கள். போனவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர் இந்த மூன்றும் தெரிந்தாலே கப்பல் பதிவேட்டில் தேட முடியும்.

வருகிற பிப்ரவரி 22க்குள் கிடைத்தவற்றை அன்று தில்லையாடியில் ஊரார் முன் வாசிக்க எண்ணியிருக்கிறோம். படத்தின் பின்புறம் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால், தயவுசெய்து துடைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தரங்கம்பாடி வட்டார வாசகர்கள்