தரவரிசைக்கு எட்டாத காப்பிக்காடு

சேர்வராயன் மலையில் காப்பி வேரூன்றியது 1820களில், எம்.டி. காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில். அந்த அராபிகா இனத்தின் தாயகமோ எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். கர்நாடகத்துப் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940களில் வெளியிட்ட எஸ்.795 ரகம், இலைகளை உதிரச் செய்யும் துருநோயை ஓரளவு தாங்கியதால் இந்தோனேசியாவுக்கும் சென்று, ஜெம்பர் என்ற ஊரின் பெயராலேயே அங்கு அறியப்படுகிறது. வளரும் நாடுகளுக்கிடையே செடி இவ்வளவு தாராளமாகப் போய்வந்திருக்க, அதைப் பற்றிப் படிக்கும் மாணவருக்கு மட்டும் வழி குறுகலாகவே இருக்கிறது.

இக்குறுகலுக்கு ஒரு காரணம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள். பாட அலகுகளில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டில் முடித்து, பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழகத்திடமே பெறும் இணைப்புப் படிப்பையும், இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வழங்கும் கூட்டுப்பட்டத்தையும் அவை அனுமதிக்கின்றன. ஆனால் குழுவின் தனி ஒப்புதல் இன்றி இவற்றைத் தொடங்க வேண்டுமானால், வெளிநாட்டுப் பங்காளி உலகத் தரவரிசையின் முதல் 1000 இடங்களுக்குள் இருந்தாக வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களுக்கும், கல்வியாளர் கருத்துக்கணிப்பில் கிடைக்கும் புகழுக்கும் பெரும் எடை தரும் அப்பட்டியல்கள், மலைச்சரிவில் நிழல்மரத்தின் கீழ் காப்பி வளர்ப்பதை எந்தத் துறை நன்கு கற்பிக்கிறது என்பதைச் சொல்வதில்லை. சொல்வதற்காக அவை உருவாக்கப்பட்டவையும் அல்ல.

போலிப் பட்ட வணிகத்திலிருந்து மாணவரைக் காக்க ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும் என்ற வாதம் நியாயமானதே. எனினும், பங்காளி நிறுவனம் தன் நாட்டு அரசின் அங்கீகாரம் பெற்றிருப்பதும், உரிய துறையை இரு தரப்பு வல்லுநர்களும் நேரில் ஆராய்ந்து ஏற்பதும் அந்தக் காப்பை இன்னும் திடமாகத் தரும். 2020-21இல் இந்தியாவில் பயின்ற 48,035 வெளிநாட்டு மாணவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கும் மேல் நேபாளத்தவர் என்பதை, அண்டை நாட்டார் தரவரிசை பார்த்து உறவு கொள்வதில்லை என்பதற்குச் சான்றாகவே கொள்ளலாம்.

ஆகவே, துறை சார்ந்த ஒப்பந்தங்களுக்கேனும் மானியக் குழு இந்நிபந்தனையைக் கைவிட வேண்டும். 1997இல் தொடங்கப்பட்ட சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஜெம்பர் பல்கலைக்கழகத்தோடு ஒரு பருவப் பரிமாற்றத்தை வகுக்கலாம். பயணச் செலவைத் தமிழக அரசு ஏற்க வேண்டும், இல்லாவிடில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே விமானம் ஏறுவார்கள், மலையாளிப் பழங்குடி மாணவர் மலையிலேயே நின்றுவிடுவார். ஏற்காட்டில் பழம் பறிப்பது ஆண்டிறுதியில், ஜெம்பர் அமைந்த கிழக்கு ஜாவாவில் ஆண்டின் நடுவில். பருவ அட்டவணையை அதற்கேற்ப அமைத்தால், ஒரே கல்வியாண்டில் ஒரு மாணவர் இரண்டு அறுவடைகளிலும் பங்கெடுக்க முடியும்.