முட்டையை மட்டும் எடுத்தால் போதுமா?

டைனோசர் என்றதும் பலருக்கும் ஜுராசிக் பார்க் படம்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பிரம்மாண்ட விலங்குகள் முட்டையிட்ட இடங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் லமேட்டா எனப்படும் பாறை அடுக்கில் இவை கிடைக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டறியப்பட்டதாக 2023 ஜனவரியில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியானது. எல்லாம் டைட்டனோசர் என்ற நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியின் முட்டைகள்.

அதே மாவட்டத்துப் பாட்லியா கிராமத்தில், வயலையும் கால்நடையையும் காக்கும் 'காகர் பைரவ்' என்று சிலர் தலைமுறை தலைமுறையாக வணங்கிய உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள்தான் என்று 2023 டிசம்பரில் செய்தி வந்தது. குஜராத்தின் ரையோலிப் பக்கம் ஒரு மூதாட்டி மசாலா அரைக்கவே ஒரு முட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க என்ன இருக்கிறது? அது என்னவென்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கும்பிட்ட கல்லாவது ஊரிலேயே பத்திரமாக இருந்தது. விலைக்காகப் பெயர்த்து எடுத்துப் போகப்படும் கல் திரும்பி வருவதில்லை.

முட்டை பத்திரமாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அது கிடந்த இடமும் கிடந்த விதமும் அதே அளவு முக்கியம். குஜராத்தின் டோலி டுங்ரியில் 1984-ல் புவியியலாளர் தனஞ்சய் மொஹாபே ஒரு கூட்டைக் கண்டெடுத்தார். முட்டைகளோடு இருந்த எலும்புகள் எல்லாம் டைனோசர் குஞ்சினுடையவை என்றே முதலில் கருதப்பட்டது. 2001-ல் அதைப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி வில்சன், அவற்றில் பாம்பின் எலும்புகளும் இருப்பதைக் கண்டுகொண்டார். குஞ்சைத் தின்ன வந்த சுமார் மூன்றரை மீட்டர் நீளப் பாம்பு, முட்டையைச் சுற்றிச் சுருண்டபடியே புதைந்திருந்தது. 'சனாஜே இண்டிகஸ்' என்ற பெயருடன் அது உலகுக்கு அறிமுகமானது 2010-ல். அந்தப் பாறையை உடைத்து முட்டையை மட்டும் யாராவது எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

டைனோசர்களின் முடிவைப் பற்றிய கேள்விக்கும் இது பொருந்தும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலூப் பகுதியில் விழுந்த விண்கல்லே காரணம் என்பது பெரும்பாலான விஞ்ஞானிகளின் கருத்து. ஏறக்குறைய அதே காலத்தில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பும் பொங்கிப் பரவியது. அதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஓயவில்லை. கட்ச் பகுதியின் அஞ்சாரில் இரண்டு எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு நடுவே முட்டை ஓடுகள் கிடைத்தன. அதாவது எரிமலை பொங்கத் தொடங்கியதுமே டைனோசர்கள் அழிந்துவிடவில்லை. இதைச் சொன்னது ஓடு மட்டுமல்ல, அது எந்த அடுக்கில் கிடந்தது என்பதும்தான். அலமாரியில் தனியாக உட்கார்ந்திருக்கும் முட்டை இதற்குச் சாட்சி சொல்லாது.

அலட்சியம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்து, 1980-களில் 'புருகத்காயோசரஸ்' என்று பெயரிடப்பட்ட மிகப் பெரிய டைனோசரின் எலும்புகள் சிதைந்து போயின. எஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான். அது உண்மையில் எவ்வளவு பெரியது என்று இனி அளந்து பார்க்க வழியில்லை.

புவியியல் பாரம்பரிய இடங்களைக் காக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அதிகாரம் ஒரே துறையிடம் குவிகிறது என்று விஞ்ஞானிகள் சிலர் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானதே. டில்லியில் இருந்துகொண்டு ஒரு வயலைக் காவல் காக்க முடியாது. சட்டம் வேண்டும், கூடவே அந்தந்த ஊர் மக்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து அவர்களையே காவலர்களாக்க வேண்டும். சாமி என்று நினைத்தே இத்தனை தலைமுறை காத்தவர்கள், உண்மை தெரிந்தபின் காக்க மாட்டார்களா?